செம்பாயியின் வாசல் ஏடு

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். தேனூர்ச் சீமையை நெடுங்கேசரி என்றொரு ராஜா ஆண்ட காலம். ஒரே மதிலுக்குள் அவருக்கு ஐந்து மாளிகை. ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதர். தாமும் அறை மாறுவார், மற்றவர்களையும் மாற்றுவார்.

யார் எங்கே என்று தெரியாமல் ஓலைகள் அலைந்தன. அரண்மனை அதிகாரி மருதப்பர் கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை அடித்து மார்தட்டிக்கொண்டார். மறுவாரமே யானைப்பாகன் இருந்த அறைக்கு ராஜா குடிபோனார். பலகையை யாரும் மாற்றவில்லை. யானைக்குக் காய்ச்சிய பேதிக் கஷாயம் அந்த அறைக்கே வந்தது. தமக்குத்தான் என்று ராஜா குடித்துவிட்டார். இரண்டு நாள் சபை கூடவில்லை.

ஓலைகளைப் பிரித்து அனுப்பும் வாசல்காரி செம்பாயி தலையில் மருதப்பர் பழியைப் போட்டார்.

"மூன்று நாளில் சரிசெய். அப்புறம் ஒரு ஓலை தவறினாலும் நீ ஊரில் இருக்கக் கூடாது" என்றார் ராஜா.

வேறு ஊர் பார்த்தறியாத செம்பாயி அன்றே வேலையில் இறங்கினாள். பலகைகளைப் பிடுங்கிவிட்டு, கதவுகளில் எண் மட்டும் எழுதினாள். யாருக்கு எந்த எண் என்பது வாசலில் ஒரே ஏட்டில் இருந்தது. இடம் மாறுகிறவர் வந்து சொன்னால் ஒரு வரியைத் திருத்துவாள். சாப்பாடும் அந்த ஏட்டின்படியே போகட்டும் என்று சமையல்கட்டில் பேசி வைத்தாள்.

நாலாம் நாள் விடியலில் மருதப்பர் சத்தமில்லாமல் அறை மாறினார். தமக்கு ராஜாவின் ஓலை வரவில்லை என்று மாலை சபையில் சொல்ல எண்ணம். காலைச் சாப்பாடு பழைய அறைக்குப் போனது. மதியச் சாப்பாடும் போனது. பசி தாங்காமல் மனிதர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் சாப்பாடு எங்கே? இரண்டாம் மாளிகை, ஒன்பதாம் கதவுக்கு அனுப்பு."

செம்பாயி எழுதிக்கொண்டாள். ஆளில்லை என்று திரும்பி வந்திருந்த ராஜாவின் ஓலையும் சோற்றோடு போனது.

சபையில் ஓலை கிடைத்ததா என்று ராஜா கேட்க, மருதப்பர் கிடைத்தது என்று தலையாட்டினார். அவர் சோறு தேடி வாசலுக்கு வந்த கதை தெரிந்ததும் ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். மருதப்பருக்கு வாசலில் ஏட்டுக்கு ஓலை நறுக்கும் வேலை கிடைத்தது. செம்பாயிக்கு அமைச்சர் பட்டம்; வாசல் ஏடும் அவளிடமே இருந்தது.

ராஜா திருந்துவாரா? அன்றே சொல்லாமல் ஐந்தாம் மாளிகைக்குப் போனார். மறுநாள் மதியம் வாடிய முகத்தோடு வாசல் வரிசையில் நின்றார். முறை வந்தது.

"ஐந்தாம் மாளிகை, முதல் கதவு."

செம்பாயி ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேரு சொல்லுங்க."