ஹொர்மிஸ் நீட்டிய ஓலை

குரு என்பவர் சீடரைவிட வயதில் மூத்தவராகவே இருப்பார் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது மாபெரும் பிழை. இதனால் விளைந்த கேடுகளைப் பட்டியலிட இங்கே இடமில்லை. கொற்றந்துறையில் வாழ்ந்த வெண்பூதி அம்மைக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் எயினருக்கு அறுபத்தொன்று. சீடர் விழுந்து வணங்கினால் அவரைத் தூக்கி நிறுத்துவதும் குருவின் கடமையாக இருந்தது.

எயினர் அரசரின் ஆணைகளை எழுதுபவர். ஒரு நாள் காலை முகம் மலர வந்தார்.

“அம்மா, குறையே இல்லாத ஒன்றை மனிதனால் எழுத முடியுமா?”

“எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறதே.”

எயினருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். கடலுக்கு அப்பால் ஹொர்மிஸ் என்றொரு வணிகர். நம் முத்துப் படகுகளைக் கொள்ளையடிப்பவர்களுக்குக் கப்பல் விற்றவர். அவ்வளவு தூரம் அரசரின் படை போகாது. ஆனால் தம் குடிமக்களைத் தடுக்க அரசரால் முடியும். ஆகவே சித்திரையிலேயே ஆணை பிறந்தது: கப்பல் விற்பதை அவர் நிறுத்தும்வரை, இந்நாட்டார் யாரும் அவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது; அவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

“இத்தனை மாதமாகியும் அதில் ஊசி நுழைய இடமில்லை, அம்மா.”

“துறைமுகம் வரை நடப்போமா? உங்கள் ஹொர்மிஸ் ஒன்பது நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.”

“இங்கேயா? அவர் ஏன் இங்கே வந்தார்?”

“கேட்டால் சொல்வார்.”

துறையில், காலியான தண்ணீர்ப் பீப்பாய்கள் கிடந்த ஒரு படகின் அருகே, தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூடை சுமந்து அவரைக் கடந்துபோன மீன்காரியிடமிருந்து ஓர் இலைப் பொட்டலம் விழுந்தது.

“நில்லம்மா, சோறு விழுந்துவிட்டது!” என்றார் எயினர்.

“விழட்டும் சாமி. நேத்தும் இங்கேதான் விழுந்துச்சு. பாதை மேடும் பள்ளமுமா இருக்கு.”

எயினர் பாதையைப் பார்த்தார். அது சமமாகத்தான் இருந்தது.

தாடிக்காரர் எழுந்து வந்து ஓர் ஓலையை நீட்டினார். “ஐயா, வாங்கிக்கொள்ளுங்கள்.”

எயினர் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வாங்கக் கூடாது.”

“படிக்கலாமா?” என்று கேட்டார் வெண்பூதி.

எயினர் வெகுநேரம் யோசித்தார். “படிப்பது வாங்குவது ஆகாது.”

ஹொர்மிஸ் ஓலையை விரித்துப் பிடித்தார். எயினர் கைகளைப் பின்னால் கட்டியபடியே குனிந்து படித்தார்.

“அம்மா, இவர் நிறுத்திவிட்டார்! ஆடி மாதத்திலேயே! சாட்சிகள்கூட ஒப்பமிட்டிருக்கிறார்கள்!”

“அரசரிடம் சொல்லுங்கள்.”

“வாய்ச்சொல் செல்லாது. இந்த ஓலையே அவர் முன் போக வேண்டும்.”

“கொண்டுபோங்கள்.”

“கையில் வாங்காமல் எப்படி…”

“ஐயா,” என்றார் ஹொர்மிஸ், “மூன்று நாளில் காற்று மாறிவிடும். அப்புறம் ஆறு மாதத்துக்குப் படகு போகாது. என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். குடிதண்ணீர் ஏற்றாமல் எப்படிப் புறப்படுவேன்? இங்கே யாரும் தரமாட்டேன் என்கிறார்கள்.”

“தரக் கூடாது,” என்றார் எயினர். “நான்தான் எழுதினேன்.”

வெண்பூதி கையை நீட்டி ஓலையை வாங்கிக்கொண்டார்.

“அம்மா! என்ன செய்துவிட்டீர்கள்? மீறியவருக்கும் அதே தடைதான். உங்கள் பெயரையும் நான் எழுத வேண்டுமே!”

“இன்னும் எழுதவில்லையே. அதற்குள் இதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.”

எயினர் வாங்கினார்.

“உங்கள் பெயரை எப்படி அம்மா எழுதுவேன்?”

“எழுதித்தான் ஆக வேண்டும், எயினரே. எழுதும்போது, அதை அழிக்க வேண்டுமென்றால் நான் யாரிடம் வந்து கேட்பது என்றும் ஒரு வரி எழுதுங்கள். முன்பின் அறியாதவருக்காக அது தோன்றவில்லை. எனக்காகவாவது தோன்றட்டும்.”

அன்றே எயினர் ஓலையை அரசர் முன் வைத்தார்; ஆணையில் அம்மையின் பெயரையும் அந்த ஒரு வரியையும் எழுதினார். இரண்டாம் நாள் ஹொர்மிஸ் தண்ணீர் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். புதிய வரியின்படி வெண்பூதி அம்மை கொடுத்த மனு அரண்மனைக்குப் போய்த் திரும்பப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை அவருக்குத் தோட்டத்துக் கீரை இருந்தது. உப்புக்குத்தான் வழியில்லை; கடைக்காரர் அவருக்கு விற்கக் கூடாதே.

அந்தப் பதினொரு நாளும் எயினர் தம் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டார்.