பந்தயக் குதிரையிடம் அழகு கேட்ட மட்டக் குதிரை

மஞ்சுமலையில் பதினொரு மட்டக் குதிரைகள் கூட்டமாக வாழ்ந்தன. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி சாம்பி. சாம்பல் நிறம், குட்டைக் கால், உருண்டை வயிறு. உடம்பு முழுக்கக் கம்பளி போல அடர்ந்த முடி. மழை பெய்தால் தண்ணீர் மேல்முடியில் வழிந்து ஓடிவிடும். உள்முடி நனையவே நனையாது. குளம்போ கருங்கல்! வரையாடு தயங்கும் பாறையிலும் சாம்பி சாவகாசமாக ஏறுவாள். மற்றவர்கள் அவள் வாலைப் பார்த்தபடி பின்னால் ஏறுவார்கள்.

ஒருநாள் மலைச்சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றது. அதிலிருந்த பந்தயக் குதிரை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. நெட்டைக் கால், பளபளக்கும் தோல், முதுகில் ஜரிகை ஓரம் வைத்த போர்வை.

"என் பெயர் விஜயேந்திரன்! பன்னிரண்டு பந்தயம் ஓடியிருக்கிறேன். ஒன்றில்கூட எனக்குப் பின்னால் ஒருவனும் வந்ததில்லை!" என்றான் அவன்.

"அடேயப்பா!" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"அப்படியானால் கடைசியாகத்தானே வந்திருக்கிறார்?" என்று கேட்டாள் மூளி. மூளி ஒரு காது கிழிந்தவள். கொஞ்சம் வாய் நீளம். அவள் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஜயேந்திரன் சாம்பியை மேலும் கீழும் பார்த்தான். "அம்மணி, இது முடியா, வைக்கோல் போரா?"

சாம்பிக்கு முகம் சுருங்கியது. "குளிருக்கு வேண்டுமே, அண்ணே."

"குளிருக்குத்தான் போர்வை இருக்கிறதே! தோல் மின்ன வேண்டும், அம்மணி! சரி, என்ன சாப்பிடுகிறாய்?"

"மேட்டில் காய்ந்த புல் கிடக்கும். அதைத்தான்."

"ஐயையோ! எனக்கு ஓட்ஸ், கேரட், வெல்லக் கட்டி! வால் சீவ மட்டும் தனியாக ஓர் ஆள்! காய்ந்த புல்லைக் கழுதைகூட யோசித்துத்தான் தின்னும்!"

அன்றுவரை சாம்பிக்குத் தன் உடம்பில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. இப்போது தலை முதல் வால் வரை குறையாகவே தெரிந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு முள்மரத்தில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். மூன்று நாள் தேய்த்ததில் முடி திட்டுத்திட்டாக உதிர்ந்தது. பார்ப்பதற்குப் பூச்சி அரித்த கம்பளம் மாதிரி இருந்தாள்.

"இப்போதுதான் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது!" என்றான் விஜயேந்திரன்.

சாம்பி பூரித்துப் போனாள். குளிரில் பல் கிடுகிடுத்தது. அதை நாகரிகம் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்தது சாப்பாடு. மலையடியில் ஓடைக்கரையில் கொழுகொழுவென்று பசும்புல் வளர்ந்திருந்தது. சாம்பி தன் குட்டி பொட்டுவோடு அங்கேயே தங்கிவிட்டாள். "கல்லில் நடந்தால் குளம்பு அசிங்கமாகிவிடும்" என்று விஜயேந்திரன் சொன்னதால் மலை ஏறுவதையும் நிறுத்தினாள்.

மூளி இறங்கி வந்து சத்தம் போட்டாள். "அடியே சாம்பி! நம் வயிறு கொஞ்சத்திலேயே நிறைகிற வயிறு. கொழுத்த புல்லை இப்படி மூக்குமுட்டத் தின்றால் சூடு குளம்புக்குள் இறங்கும். அப்புறம் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது!"

"உனக்குப் பொறாமை!" என்றாள் சாம்பி, வாய் நிறையப் புல்லோடு.

"எனக்கா? உன்னைப் பார்த்தா? ஓடைத் தண்ணீரில் உன் முகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, மூளி மேலே திரும்பிப் போய் மற்றவர்களை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனாள்.

பத்து நாள் கழித்துக் காலையில் எழுந்தபோது சாம்பியின் முன்னங்கால்கள் எரிந்தன. குளம்புக்குள் யாரோ கங்கு வைத்தது போல இருந்தது. வெளியே சொல்ல வெட்கம். காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றாள்.

"ஆகா, என்ன ஒயில்!" என்றான் விஜயேந்திரன்.

அன்று நண்பகலில் மழை கொட்டியது. மலையே கரைந்து வருவது போல ஓடை சீறிப் பொங்கியது. தண்ணீர் பொட்டுவின் முழங்காலைத் தொட்டது. சாம்பி மேலே ஏறக் காலைத் தூக்கினாள்; வலி தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே! என் குட்டியையாவது மேலே கூட்டிப் போங்கள்!" என்று கதறினாள்.

"பாதை எங்கே? வெள்ளைக் கோடு எங்கே? கொடி அசைக்கிறவர் எங்கே?" என்று பதறினான் விஜயேந்திரன். ஒரே பாய்ச்சலில் பாறை மேல் ஏறினான். வழுக்கினான். நனைந்த போர்வை தலையில் கவிழ, பின்பக்கத்தாலேயே சறுக்கிக்கொண்டு கீழே வந்தான். "லாரி! லாரி!" என்று கத்தினான்.

அப்போது மேலேயிருந்து மூளி இறங்கி வந்தாள். அவசரப்படவில்லை, ஒவ்வொரு கல்லையும் குளம்பால் தட்டிப் பார்த்துத்தான் இறங்கினாள்.

"பொட்டு, என் வாலைக் கடித்துக்கொள். விடாதே!"

குட்டியை மேலே சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "சாம்பி, மண்டி போட்டு ஏறு!"

"முடியவில்லை, அக்கா!"

"முடியாதுதான். ஆனாலும் ஏறு!"

சாம்பி மண்டியிட்டு ஏறினாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. விஜயேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே தவழ்ந்தான். உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்கியபடி, "இந்த மலைக்குச் சரிவு சரியாகப் போடவில்லை!" என்று குறை சொன்னான். இரண்டு நாளில் வேறொரு லாரி தேடி வந்தது. யாரும் கூப்பிடும் முன்பே அதில் ஏறிக்கொண்டான்.

சாம்பி இரண்டு மாதம் சுனையின் குளிர்ந்த சேற்றில் கால் வைத்து நின்றாள். மூளி அளந்து போட்ட காய்ந்த புல்லைத் தின்றாள். எரிச்சல் மெல்லத் தணிந்தது. முடி வளர்ந்தது. குளம்பும் இறுகியது.

நடக்க முடிந்த முதல் நாள், வழக்கம்போலக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். மூளி வேறு பக்கமாக நடந்தாள். ஒன்பது குதிரைகளும் மூளியின் பின்னால் போயின. அவற்றில் பொட்டுவும் இருந்தது. சாம்பி கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

தனக்கென்று அமைந்த நல்ல உடம்பை வாய்ச்சவடால்காரன் பேச்சைக் கேட்டுக் கெடுத்துக்கொள்பவர், உடம்பைத் திரும்பப் பெற்றாலும் மதிப்பைத் திரும்பப் பெற மாட்டார்.