நுனியிலை

"போகவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க தாயி."

கேட்டவர் மருதையன். கொள்ளிடக்கரை மடத்தில் சமைத்துப் போடுகிறவர். கேட்டது மடத்தின் குரு உமையாளிடம். வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவர் தாயி என்பார், அவள் அண்ணே என்பாள்.

"யாரு கிளம்புறா?"

"என் தம்பி. குடும்பத்தோட மலைத்தோட்ட வேலைக்குப் போறானாம். அக்கரையில பொழுது சாய வண்டி கட்டுறாங்களாம். தோணிக்காரர் சொன்னாரு."

"தம்பி ஏதும் சொல்லி அனுப்பினாரா?"

"ஒண்ணும் இல்லை."

"சரி. அறிவு என்ன சொல்லுது?"

"போகாதேங்குது. ஊரே பார்க்க என் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினவன் அவன்."

"மனசு?"

"அதைக் கேட்காதீங்க. காலையிலிருந்து அடுப்புப் புகை மேல பழி போட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கும் உள்ளே?"

"அங்கே ஒரு சத்தமும் இல்லை தாயி. ஊமையாக் கிடக்கு."

உமையாள் எழுந்து கை கழுவினாள்.

"பசிக்குது. இலையைப் போடுங்க."

மருதையனுக்குச் சுருக்கென்றது. இதுதானா பதில்? வாழையிலையை அறுத்தார். போட்டார். தண்ணீர் தெளித்தார்.

"இன்னைக்கு மடத்துல யார் யாரு இருக்கோம்?"

"நாம ரெண்டு பேருந்தான்."

"இலை?"

மூன்று.

"கை தவறிப்போச்சு."

"நேத்தும் தவறிச்சு. நீங்க வந்த நாளா தவறுது. நம்ம பசு எதைத் தின்னு கொழுத்துக் கிடக்குன்னு நினைச்சீங்க?"

அவர் அந்த இலையை எடுக்கக் குனிந்தார்.

"இருங்க. நுனியிலை யாருக்குப் போடுறது வழக்கம்?"

"குருவுக்கு."

"எனக்கு என்ன போட்டிருக்கீங்க?"

மருதையன் அப்போதுதான் பார்த்தார். குருவின் முன்னால் நுனி அறுத்த அடி ஏடு. தன் இலைக்கு இடப்பக்கம், ஆளில்லாத இடத்தில், ஒட்டினாற்போல் நுனியிலை.

"யாருண்ணே அது? நுனிதான் வேணும்னு அடம் பிடிக்கிறது?"

"சின்னப் பிள்ளையில தம்பிதான் தாயி." அவர் கை அந்த இலையின் ஈரத்தைத் தடவித் தடவி வழித்தது.

உமையாள் அதில் புளிச்சோற்றை அள்ளி வைத்தாள். மடித்து, வாழைநாரால் கட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"மறுபடியும் கழுத்தைப் பிடிச்சான்னா?"

"சோத்தைக் குடுத்துட்டு வாங்க."

பொட்டலம் சுட்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருதையன் வாசலுக்கு வந்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

படித்துறையைப் பார்த்து ஓடிக்கொண்டே கத்தினார்.

"தோணி போயிடலையே?"