உப்பில்லாத அப்பம்

"சிஸ்டர், நாளையோட அப்ப அச்சை இறக்கி வைக்கிறேன். இனிமே வரமாட்டேன்."

கன்னியர் மடத்து அடுப்படி வாசலில் நின்று இன்னாசியம்மாள் சொன்னாள். அவள் கையில் மாவு இன்னும் காயவில்லை.

சிஸ்டர் எமரென்சி தோட்டத்துக் குழாயடியில் வாளி நிறையக் காத்திருந்தார். வயதில் இன்னாசியம்மாளுக்கு இளையவர். ஆனாலும் மனம் கனக்கும்போதெல்லாம் அவள் அவரிடம்தான் போய் நிற்பாள். அவர் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. அதற்காக இவள் போகாமல் இருந்ததும் இல்லை.

"ஏன்க்கா, இடுப்பு வலியா?"

"இடுப்பு எப்பவும்தான் வலிக்குது. அது இல்ல."

"அப்புறம்?"

"இத்தனை வருஷமா பூசைக்கு அப்பம் சுடுறேன். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நன்மையா அந்த அப்பத்தை வாங்கிட்டுத் திரும்புறவங்க சப்புக் கொட்டிக்கிட்டு வந்தா நல்லாவாக்கா இருக்கும்?"

"சிரிங்க. உங்களுக்கென்ன. என் மீன் குழம்பு கொதிச்சா மூணாவது தெருவுல மூக்கைத் தூக்குவாங்க. அப்படிப்பட்ட கை இது. இங்க என்ன? கோதுமை மாவு, தண்ணி. உப்பு கிடையாது, புளிப்பு கிடையாது. நான் சுட்டா என்ன, எவ சுட்டா என்ன? நாக்குல வச்சதும் கரைஞ்சு போகுது. அதோட நானும் கரைஞ்சு போறேன்."

சிஸ்டர் நிறைந்த வாளியை நகர்த்திவிட்டுக் காலி வாளியை வைத்தார்.

"புருஷன் போயாச்சு. பேர் சொல்லப் பிள்ளை இல்ல. நான் கண்ணை மூடினப்புறம் எனக்குன்னு இந்த உலகத்துல என்ன சிஸ்டர் நிக்கும்? கஸ்பார் முதலாளியைப் பாருங்க. கோயில் மணியில பேரு. வாசல் வளைவுல பேரு. ஃபேன் இறக்கையில கூட பேரு."

"ஃபேன் சுத்தும்போது படிக்க முடியுதாக்கா?"

"பேச்சை மாத்தாதீங்க. ஆண்டவருக்கு உன்னைத் தெரியும்னும் சொல்லாதீங்க. அதைப் பங்குச் சாமியாரே சொல்லிட்டாரு."

"நான் சொல்லலையே."

"கல்யாண மண்டபத்துல சமைக்கக் கூப்பிடுறாங்க. பந்தியில உட்கார்ந்தவங்க இலையை வழிச்சிட்டு, யாரு சமையல்னு கேட்பாங்க. அது போதும் எனக்கு."

"சரிக்கா. நாளைக்கு உள்ளதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

போகாதே என்று சிஸ்டர் சொல்லுவார் என்று இன்னாசியம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். குழாய்த் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது.

*

அப்பம் சுடுவது பெரிய வித்தை இல்லை. மாவை நீர்க்கக் கரைக்க வேண்டும். இரும்பு அச்சில் ஊற்றி அழுத்தினால் காகிதம்போல் ஒரு தகடு வரும். நடுநடுவே சிலுவை பதிந்திருக்கும். ஈரத்துணியில் பதப்படுத்தி, வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். வட்டங்கள் பூசைக்குப் போகும். மிஞ்சும் ஓரங்களுக்கு மடத்து வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஓரங்களை வாங்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் உடனே திரும்பி வந்தார்கள்.

"இன்னும் குடுங்க! இன்னைக்கு நல்லா இருக்கு!"

வராந்தாவில் செபமாலையோடு நடந்துகொண்டிருந்த சிஸ்டர் நின்றார். உள்ளே வந்து ஓரத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

மெல்லுவதை நிறுத்தினார்.

"அக்கா."

"என்ன சிஸ்டர்?"

"உப்பு."

"உப்பா? கடல்காத்தா இருக்கும். கதவு திறந்தே கிடந்துச்சு."

சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார். இன்னாசியம்மாளின் கை தானாக முந்தானை முடிச்சை மூடியது. பிறகு கண்ணீர் வந்துவிட்டது.

"ஒரு சிட்டிகைதான். யாராவது கேட்கட்டும்னுதான். இது யார் கைன்னு. போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை."

உப்பு சேர்ந்தால் அது பூசைக்கு ஆகாது. இருவருக்கும் அது தெரியும்.

சிஸ்டர் திட்டவில்லை. வெட்டி வைத்த வட்டங்களைத் தட்டோடு எடுத்துப் போய்ப் பிள்ளைகள் நடுவே வைத்தார். இன்னாசியம்மாள் கதவருகே நின்று பார்த்தாள்.

தட்டு காலியானது. பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடினார்கள்.

யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

*

"இன்னைக்கு மாசத்து முதல் வெள்ளி," என்றார் சிஸ்டர். "கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு நன்மை கொண்டுபோகணும். மெழுகுதிரி பிடிக்க ஆள் இல்ல. வாங்க."

"நானா? நான் இந்த அடுப்படியை விட்டு அதுக்கெல்லாம் வந்ததே இல்லையே."

"ஆமா."

இன்னாசியம்மாள் முகம் கழுவி, முக்காடு போட்டு, திரியை ஏந்தி முன்னால் நடந்தாள். முன்பு அவள் சுட்டுப் பூசையில் வைத்த அப்பங்கள் இருந்த நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்தபடி சிஸ்டர் பின்னால் வந்தார். நற்கருணை போகும்போது பேசக் கூடாது. அதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

சில வீடுகள் முடிந்து கடைசியாக ஏறிய வீடு கஸ்பார் முதலாளியுடையது.

மருமகள் ஜெனோவா கையில் துண்டோடு ஓடி வந்தாள்.

"காலையில இருந்து எதுவும் இறங்கல சிஸ்டர். வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாரு. கஞ்சியைத் துப்பிட்டாரு. பெத்த மகனைப் பார்த்து நீ யாருன்னு கேட்கிறாரு."

கட்டிலில் ஒரு சின்ன மனிதர் சாய்ந்திருந்தார். வளைவுக்கும் மணிக்கும் சொந்தக்காரர் இவ்வளவு சிறியவராக இருப்பார் என்று இன்னாசியம்மாள் நினைத்ததில்லை.

அப்போது கோயிலில் நடுப்பகல் மணி அடித்தது.

முதலாளி தலையைத் தூக்கினார். "அது என்ன சத்தம்?"

"கோயில் மணி மாமா. நீங்க குடுத்த மணி. உங்க பேருகூட அதுல போட்டிருக்கு."

"என்ன பேரு?"

"கஸ்பார்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவன் யாரு?"

இன்னாசியம்மாள் கையில் திரி சாய்ந்து, மெழுகு விரலில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

சிஸ்டர் சிமிழைத் திறந்தார். வெள்ளை வட்டத்தை முதலாளியின் கண்ணுக்கு நேரே உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்," என்றார் முதலாளி. தயங்கவே இல்லை. வாய் திறந்தது.

துப்புவார் என்று ஜெனோவா துண்டை நீட்டினாள்.

அவர் துப்பவில்லை. கண்களை மூடிக்கொண்டார். கன்னம் மெல்ல அசைந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு முகம் விரிந்தது.

"அதே ருசி."

"எது மாமா?"

"வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாளே. முதல் முதலா, புது நன்மை வாங்க." அவர் உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்குக் குடுத்தாங்களே. அதே ருசி. கொஞ்சங்கூட மாறல."

சிறு பிள்ளைபோல் சிரித்தார். பிறகு அப்படியே தூங்கிப்போனார்.

*

திரும்பும்போது சிமிழ் காலியாக இருந்தது. திரியும் அணைந்திருந்தது. இப்போது பேசலாம்.

இன்னாசியம்மாள் நடையை எட்டிப் போட்டாள்.

மடத்து வாசலில் சிஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மண்டபத்துக்காரங்க சாயங்காலம் வர்றதாச் சொன்னாங்க. என்னக்கா சொல்லட்டும்?"

அதற்குள் அவள் அடுப்படிக்குள் போயிருந்தாள். பின்வாசலில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து உப்பைக் கொட்டினாள். துணியை ஒன்றுக்கு இரண்டு தடவை உதறினாள். கையைக் கழுவினாள். ஒருமுறை முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவினாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, மாவில் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன்."

"கதவைச் சாத்துங்க சிஸ்டர்," என்றாள் இன்னாசியம்மாள், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடல்காத்து வருது. உப்பு பட்டுடும்."