பூனையின் பாசம்

பண்ணையார் வெள்ளியம்பலம் வீட்டில் அடுப்பு மூட்டினாலே கறிதான். வைத்தியர் ஒருநாள் நாடி பிடித்துப் பார்த்து மிரட்டிவிட்டுப் போனார். உடனே பண்ணையார் மீசையை முறுக்கிக்கொண்டு சட்டம் போட்டார். "இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கறி. மத்த நாளெல்லாம் கீரையும் கம்பஞ்சோறும். வீட்டுல எல்லாருக்கும், எனக்கும் சேர்த்துத்தான்!"

புதன்கிழமை மத்தியானம் அவர் தோப்புக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார். பெண்டாட்டி அங்கயற்கண்ணிக்கு மூக்கு விடைத்தது. "கோழி வறுவல் வாசம் அடிக்குதே!"

பண்ணையார் சமையற்காரன் இருளப்பன் மேல் பாய்ந்தார். "திருட்டுத்தனமா வறுத்துத் தின்னியாடா? நீ இல்லேன்னா யாருன்னு இப்பவே காட்டு. இல்லாட்டி மூட்டையைக் கட்டு!"

இருளப்பன் பதறவில்லை. "நம்ம வீட்டுப் பூனைக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க எசமான். எல்லாரும் வலது கையை நீட்டுங்க."

கறி குறைந்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த பூனை மெல்ல வந்தது. இருளப்பன் கையை மோந்து பார்த்துத் திரும்பிக்கொண்டது. அங்கயற்கண்ணி கையையும் அப்படியே. பண்ணையார் கையை மட்டும் நக்கு நக்கென்று நக்கியது.

"அதுக்கு என் மேல பாசம்டா!" என்றார் பண்ணையார்.

"இருக்கும் எசமான். பாசம் ரெண்டு கைக்கும் பொதுதானே? இடது கையையும் நீட்டுங்களேன்."

வேறு வழியில்லாமல் நீட்டினார். பூனை அதை மோந்தது, தும்மியது, மறுபடி வலது கைக்கே போனது.

அன்றைக்கு ராத்திரி பண்ணையார் இலையில் கீரை இரண்டு மடங்கு விழுந்தது. பூனைக்கு மட்டும் ஒரு துண்டு கருவாடு, சாட்சி சொன்ன கூலி.