காட்டுமாட்டு வளைவு

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. டாக்டரும் சொன்னார். உலகநாதனின் தோள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் அந்த மலையூரில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். ஐம்பதை நெருங்குகிற வயது. மனைவி கோமதியும் மகளும் திருச்சியில் இருந்தார்கள். மகளின் படிப்பு கெடக்கூடாது என்று, மாற்றல் வந்தபோது இவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார்.

அந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. வங்கியில் சார். சாப்பிடும் மெஸ்ஸில் மேனேஜர் சார். இரவு போனில் கோமதிக்கு 'என்னங்க'. தன் பெயரை அவர் கேட்பது ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்போது மட்டும்தான்.

வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை நகராது. அதைத் தள்ளிவிடத்தான் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார்.

கற்றுக்கொடுத்தது ஹில்டா. மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உலகநாதனைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நடக்கும்போது இடது முழங்கால் கொஞ்சம் இழுக்கும், சைக்கிளில் ஏறிவிட்டால் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை, மாஸ்டரின் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார் உலகநாதன். மாஸ்டர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு கூடிடுச்சு மாஸ்டர். வலி மட்டும் ஏன் போகல?"

"எங்க வலிக்குது?"

"தோள்லதான். ஆனா மத்த இடத்துலல்லாம் பொறுத்துக்கலாம். அந்த வளைவு வந்தா மட்டும் தாங்க முடியல. இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறேன்."

"எப்படி விழுந்தீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

உலகநாதன் சொன்னார். திடீரென்று காட்டுமாடு வந்தது. ஒற்றை மாடு. கரேலென்று ஆளுயரம். அவர் பிரேக்கைப் பிடித்தார், அது மூச்சு விட்ட சத்தம் காதில் கேட்டது, அப்படியே தூக்கி எறியப்பட்டார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மாடு வளர்ந்துகொண்டே வந்தது. போன முறை மேலே இருந்த காட்டிலிருந்து வந்த மாடு, இந்த முறை கீழே இருந்த தேயிலைக்குள்ளிருந்து வந்தது.

மாஸ்டர் சக்கரத்தை நிறுத்தினார். கம்பி ஒன்றை முறுக்கினார். மறுபடி சுழலவிட்டார்.

"நாளைக்குக் காலையில வாங்க சார்" என்றார்.

விழுந்த அன்று உண்மையில் நடந்தது இவ்வளவுதான். தனியாக இறங்காதீர்கள் என்பது மாஸ்டர் சொல்லும் முதல் பாடம். அன்று வங்கி விடுமுறை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் உலகநாதன் தனியாக இறங்கினார். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வளைவில் ஒரு வேர், சருகுக்கு அடியில் வழுவழுவென்று கிடந்தது. முன்சக்கரம் அதன்மேல் ஏறியதும் பயந்துபோய் முன்பிரேக்கை இறுக்கினார். சைக்கிள் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

பக்கத்துப் பள்ளத்தில் மல்லாக்கக் கிடந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு முறிந்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"யாராவது இருக்கீங்களா" என்றுதான் கத்தினார். கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு, கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த வழியாக வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கோமதிக்குப் போன் போட்டார். என்னாச்சு, என்னாச்சு என்று பதறினாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா. அது வருவதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது.

"காட்டுமாடு" என்றார்.

கோமதி அழுதாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து ஒரு வாரம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வங்கியில் ஆளாளுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். மாடு முட்டிய மனிதருக்கு ஊரே மரியாதை செய்தது. கோமதி திரும்பிப் போனாள், ஆப்பிள் தீர்ந்தது, மாடு மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

மாஸ்டரின் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதையில் எங்கே யார் விழுந்தாலும் அந்த இடத்துக்கு அவர்கள் பெயரை வைத்துவிடுவார்கள். பெனடிக்ட் பாறை. ரெஜினா சேறு. எல்லாவற்றுக்கும் மேலே, பாதை ஆரம்பிக்கும் இடத்திலேயே, ஹில்டா பள்ளம். முன்னால் போகிறவர் அந்தப் பெயரைக் கத்துவார், எதைப் பார்க்க வேண்டும் என்றும் கத்துவார். பின்னால் வருகிறவர் வாங்கி, தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் கத்துவார். இப்படியே வரிசை முழுக்கப் போகும். கத்தும்போது சார், மேடம் எல்லாம் கிடையாது. அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

உலகநாதன் விழுந்த இடத்துக்கு மட்டும் அவர் பெயர் வரவில்லை. அது காட்டுமாட்டு வளைவு ஆகிவிட்டது. நாலு பேர் உட்கார்ந்து, பெனடிக்ட் பாறையில் பெனடிக்ட் எப்படிக் குட்டிக்கரணம் போட்டான் என்று சிரிக்கும்போது, உலகநாதன் டீயை ஊதிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனார். புதிதாகச் சேர்ந்து, அன்றுதான் முதல்முறையாகப் பாதையில் இறங்கப்போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க இன்னைக்கு ஓட்ட வேண்டாம் சார்" என்றார் மாஸ்டர். "காட்டுமாட்டு வளைவுல போய் நில்லுங்க."

"நின்னு?"

"வர்றவங்க எதைப் பார்த்து இறங்கணும்னு சொல்லுங்க."

"நீங்கதான் முன்னாடி வர்றீங்களே மாஸ்டர். நீங்களே சொல்லிடலாமே?"

"எனக்குத் தெரியாது. நான் அங்க விழுந்ததில்லை."

உலகநாதன் நடந்து இறங்கி வளைவுக்கு வந்து சேர்ந்தார். பனி இறங்கிக் கிடந்தது. வலப்பக்கம் மேடு, அதற்கு மேலே காடு. இடப்பக்கம் அந்தப் பள்ளம். இலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தம் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். தோள் வலிக்கத் தொடங்கியது. யாரும் வரவில்லை. இப்போதே இறங்கிப் போய், உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.

மேலே குரல் கேட்டது. மாஸ்டர் பனிக்குள்ளிருந்து மெதுவாக, மேட்டை ஒட்டி இறங்கி வந்தார்.

"காட்டுமாட்டு வளைவு! காட்டைப் பார்!" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினார். உலகநாதனைத் தாண்டிக் கீழே போய்க் காலை ஊன்றி நின்றுகொண்டார்.

அடுத்து வந்தது தாரிணி. கல்லூரியில் படிக்கிற பெண். மாஸ்டர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். மூச்சு வாங்க அவளும் கத்தினாள்.

"காட்டுமாட்டு வளைவு! காட்டைப் பார்!"

கத்திவிட்டுக் காட்டைப் பார்த்தாள். முகத்தை நன்றாக மேலே தூக்கி, மரங்களுக்கு நடுவே மாடு நிற்கிறதா என்று ஒழுங்காகத் தேடினாள். அவள் சைக்கிள் பாதையின் இடது பாதிக்கு வந்துவிட்டது. சருகு மூடிய இடத்துக்கு நேராக வந்தது. அவளுடைய ரெண்டு விரலும் பிரேக்மேல் இருந்தன.

உலகநாதனுக்கு அவளுடைய கழுத்துக்குக் கீழே அந்த எலும்பு தெரிந்தது. டீ ஷர்ட்டுக்கு மேலே, மெலிசாக.

"கீழ பாரும்மா!" என்று அலறினார். முறிந்த பக்கத்துக் கையே தன்னால் மேலே போனது. "வேர்! வேர்! வலது வா! பிரேக் பிடிக்காதே!"

தாரிணி வெட்டி வலப்பக்கம் ஒடித்தாள். சைக்கிள் ஆடியது, மேட்டில் உரசியது, வேரைத் தாண்டிப் போய் நின்றது. அவள் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் அலறலைக் கேட்டு அங்கங்கே நின்றுவிட்டார்கள்.

உலகநாதன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாடு எங்க சார்?" என்று கேட்டாள்.

"மாடு இல்லம்மா."

"போயிடுச்சா?"

அவர் காலால் சருகைத் தள்ளினார். வேர் வெளியே வந்தது. ஒரு கைத்தடியின் பருமன்கூட இல்லை. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவரே நினைக்கவில்லை. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அன்னைக்கும் மாடு இல்லம்மா. இதுதான். தனியா வந்தேன். இதுல ஏத்தி, முன்பிரேக்கைப் பிடிச்சு, அந்தப் பள்ளத்துல விழுந்தேன்."

தாரிணி வேரைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

"ரொம்ப நேரம் கிடந்தீங்களா சார்?"

அவர் தலையாட்டினார். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் மாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"அப்போ இதுக்கு உங்க பேர்தானே சார் வைக்கணும்?" என்றவள் தயங்கினாள். "உங்க பேர் என்ன சார்?"

எட்டு வாரமாக ஒரே இடத்தில் டீ குடிக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"உலகநாதன்."

தாரிணி திரும்பி, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டாள்.

"உலகநாதன்! வேர்! வலது வா!"

பனிக்குள் நின்றிருந்த ஒரு பையன் அதை வாங்கினான். "உலகநாதன்! வேர்! வலது வா!" அவனுக்கு மேலே ஒரு பெண்குரல். அதற்கும் மேலே இன்னொரு குரல், அது யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. குரல் மாறி மாறி அவர் பெயர் மலைமேல் ஏறிக்கொண்டே போனது. பனிக்கு அப்பால், காது எட்டுகிற மட்டும் கேட்டது.

பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எல்லோரும் கீழே பார்த்தார்கள். எல்லோரும் வலப்பக்கம் வந்தார்கள். தன்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் அந்தப் பெயரைக் கத்த, உலகநாதன் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதார். பனியில் யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார். முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"மாடு இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"மாடு முட்டினவங்க இந்த இடம் வந்தா காட்டைப் பார்ப்பாங்க. நீங்க தள்ளிக்கிட்டுப் போறப்பல்லாம் தரையைத்தான் பார்த்தீங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டேனே, நேத்து."

உலகநாதன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டுல இன்னும் சொல்லல. இன்னைக்கு சொல்லணும். கோமதி திட்டுவா."

"திட்டட்டும் சார்."

இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. உலகநாதன் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். காது வரைக்கும் போனது. வலித்தது.

"இனி வலி போயிடுமா மாஸ்டர்?"

மாஸ்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்குப் போகல. மழை வந்தா இப்பவும் வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குவேன். அன்னைக்கு யாராவது என் பேரைக் கத்திக்கிட்டே நான் விழுந்த பள்ளத்தைத் தாண்டிப் போவாங்க."