அரை டம்ளர் குளத்துத் தண்ணீர்

"நான் இதுக்கு லாயக்கில்லைம்மா. ஊருக்கே போயிடறேன்."

வைரவன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவிய தொண்டை அவருடையது. கழிமுகத்து ஆசிரமத்துக்கு வந்த அன்றைக்கே நாற்பது நாள் மௌனம் என்று சபதம் எடுத்தார். மூன்றாம் நாளே, சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார். குளத்தங்கரைக் கொக்குகள் அத்தனையும் பறந்துவிட்டன.

குரு பூரணத்தம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவள்.

"போங்கண்ணே. போறப்ப இதைக் குளத்துல விட்டுட்டுப் போங்க."

சின்னப் பானையில் எட்டுக் கொடுவாய் மீன் குஞ்சுகள். காலையில் உப்பங்கழியில் பிடித்தவை.

மீனைப் பற்றி வைரவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்த மீனைப் பற்றி என்றால்.

இரண்டு குஞ்சுகளை அள்ளிக் குளத்தில் விட்டார். இரண்டும் ஒருக்களித்து மிதந்தன. பதறிப்போய் மறுபடி பானையில் போட்டார். மெல்ல நிமிர்ந்தன.

"அம்மா, சாகப் பாக்குது."

"கடல் தண்ணில மீன் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும்ணே. குளத்து நல்ல தண்ணிக்கு வந்தா அதை நிறுத்தணும். உப்பை வெளியே தள்ளின செவுளு, இனிமே உள்ள இழுக்கணும். உடம்பே வேலையை மாத்திப் பழகணும்."

"இந்தப் பொடிசா?"

"இந்தப் பொடிசுதான்."

ஒரு டம்ளரைக் கொடுத்தாள்.

"பானையில அரை டம்ளர் எடுத்துக் கொட்டுங்க. குளத்துத் தண்ணி அரை டம்ளர் ஊத்துங்க. நல்லா நீந்துதான்னு பாருங்க. அப்புறம் அடுத்தது."

வைரவன் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு முறை ஊற்றியதும் பானைக்குள் குனிந்து பார்த்தார். ஒரு குஞ்சு கொஞ்சம் சாய்ந்தாலும் கை நின்றுவிடும். நிமிர்ந்தால்தான் அடுத்த அரை டம்ளர். பை தோளிலிருந்து நழுவியது அவருக்குத் தெரியாது. மத்தியானம் அதே சமையல்காரர் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

பொழுது சாய்ந்தபோது பானையில் இருந்தது முழுக்கக் குளத்துத் தண்ணீர்.

வைரவன் பானையைக் குளத்தில் சாய்த்தார்.

குஞ்சுகள் விருட்டென்று பாய்ந்தன.

"எட்டும் போகுதும்மா! எட்டும்!"

கொக்குகள் மறுபடியும் பறந்தன.

பூரணத்தம்மாள் கீழே கிடந்த பையை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"நாளைக்குக் காலைக் கஞ்சி வரைக்கும் பேசமாட்டேம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் பேசிக்கிறேன்."